ஏட்டைத் திருத்துவதா? உடலை வெட்டுவதா?

நமது நாட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அதைச் சர்க்கார் ஏட்டில் பதிய வேண்டும் என்று சட்டமிருக்கின்றது. 1969-ம் வருஷத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் என்பது அதன் பெயர். அச்சட்டத்தின் 14-வது பிரிவு, குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்து கொள்ளலாம் என்றும், பெயரைப் பின்னால் தெரிவித்துச் சேர்த்துக் கொள்ளலாம் என்றும் இடம் கொடுக்கின்றது. ஏன் இந்தத் தாராளம் என்றால், பெயர் என்பது தாய் தகப்பனும் பாட்டன் பாட்டியும் கலந்து யோசித்து வைக்க வேண்டிய காரியம், அதில் அவசரம் கூடாது என்பதுதான். ஆனால் அதே தாளில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கின்ற "ஆணா, பெண்ணா" என்னும் கட்டத்துக்கு மாத்திரம் இப்படிப்பட்ட தவணை எதுவும் சட்டத்தில் சொல்லப்படவில்லை. பிரசவம் பார்த்தவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுகின்றார். குமாஸ்தா அதை எழுதிக் கொள்ளுகின்றார். அவ்வளவோடு அந்த உயிரின் ஆயுள் முழுவதுக்கும் தீர்ப்பு முடிந்து விடுகின்றது!

நூற்றுக்குப் பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் அந்த வார்த்தை சரியாகவே இருந்து விடுவதால் நாம் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாத உடலோடு பிறக்கின்ற குழந்தைகளும் உண்டு. பிறக்கும்போது ஒன்றாகத் தோன்றிப் பருவ வயதில் வேறொன்றாகத் தெரிய வருகின்றவர்களும் உண்டு. இவர்களை ஊடுபாலினர் என்றும் இடைப்பாலினர் என்றும் இக்காலத்தில் சொல்லுகின்றார்கள். இவர்களுடைய ஏட்டில் எழுதப்பட்ட வார்த்தை தப்பாகப் போனால் என்ன செய்வது என்பதே இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நம்முடைய அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி விடுகின்றோம். ஏடு தப்பாயிருந்தால் ஏட்டைத் திருத்த வேண்டும். ஏட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக உடலை வெட்டக் கூடாது. எப்படித் திருத்துவது என்று சொல்லும் பாத்தியதை அந்த உடலுக்கு உடையவருக்கே உண்டு.

முதலில் இவர்கள் யார் என்பதைத் தெளிவாகத் தெரிந்து கொள்ளுவது நல்லது. ஏனெனில் நம் ஜனங்களில் படித்தவர்கள்கூட ஊடுபாலினரையும் திருநங்கை, திருநம்பி ஆகியோரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றார்கள். திருநங்கை என்பவர், பிறக்கும்போது ஆண் என்று எழுதப்பட்டுத் தம்மைப் பெண்ணென்று உணர்ந்து வாழ்கின்றவர். அங்கே கேள்வி அவருடைய உணர்வைப் பற்றியது. ஊடுபாலினர் விஷயத்திலோ உடலின் அமைப்பே ஒரே வழியாக அமையவில்லை.

இயற்கை ஒரே ஒரு அடையாளத்தை வைத்து ஆண் பெண்ணைத் தீர்மானிப்பதில்லை. உயிரணுவுக்குள் இருக்கின்ற குரோமோசோம் ஒரு சாட்சி. விதை அல்லது சூலகம் என்னும் உள்ளுறுப்பு மற்றொரு சாட்சி. அவை சுரக்கின்ற ஹார்மோன் மூன்றாவது சாட்சி. வெளியே கண்ணுக்குத் தெரியும் உறுப்பு நாலாவது சாட்சி. இந்த நாலு சாட்சிகளும் பெரும்பாலும் ஒத்துப் பேசும். சில உடல்களில் ஒத்துப் பேசாது. உதாரணமாக, ஆணுக்கு வழக்கமாக உள்ள எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண் ஹார்மோனை உடல் ஏற்றுக்கொள்ள மறுத்து விட்டால், அந்தக் குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளரும். பதினைந்து பதினாறு வயதாகியும் மாதவிடாய் வரவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம் உள்ள குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரந்தால் பிறக்கும்போதே வெளியுறுப்பு ஆணுறுப்பு போலத் தோன்றலாம். 5-ஆல்பா ரிடக்டேஸ் என்கின்ற ஒரு நொதி குறைந்தால், பெண்ணென்று பாவாடை கட்டி வளர்த்த குழந்தைக்குப் பருவ வயதில் குரல் தடித்து ஆணுடல் அமையத் தொடங்கும்.

ஆகவே, பிரசவ அறையில் எழுதப்படும் அந்த வார்த்தை நாலு சாட்சிகளில் ஒருவரை மாத்திரம் விசாரித்து எழுதப்பட்ட தீர்ப்பு. மற்ற மூவரும் பத்து வருஷம் பதினைந்து வருஷம் கழித்து வந்து வாய் திறந்தால், பழைய தீர்ப்பை மாற்றிக் கொள்ளுவதுதானே நியாயம்? எந்தக் கோர்ட்டிலும் மேல்முறையீடு உண்டு. இந்த ஒரு தீர்ப்புக்கு மாத்திரம் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்கின்றோம்.

இதற்குக் காரணம் விஞ்ஞானக் குறைவு மாத்திரமல்ல. பழைய சாஸ்திர புத்தியும் சேர்ந்துதான். மநுதர்ம சாஸ்திரத்தின் 3-வது அத்தியாயத்தில், ஆண் வித்து மிகுந்தால் ஆண் பிறக்கும், பெண் வித்து மிகுந்தால் பெண் பிறக்கும், இரண்டும் சமமானால் இரண்டுங்கெட்ட பிறவியோ அல்லது ஆணும் பெண்ணுமாக இரட்டையோ பிறக்கும் என்று சொல்லியிருக்கின்றது. இதுதான் அவர்கள் கண்ட உடற்கூறு! அதோடு நின்றிருந்தாலும் அக்காலத்து அறியாமை என்று விட்டு விடலாம். 9-வது அத்தியாயத்தில் தகப்பன் சொத்தில் பங்கு இல்லாதவர்கள் யார் என்று ஒரு ஜாபிதா கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஆண்மையற்றவன், ஜாதியிலிருந்து தள்ளப்பட்டவன், பிறவிக் குருடன், செவிடன், பைத்தியம், ஊமை, அங்கக் குறைவுள்ளவன் ஆகிய இவர்களெல்லாரும் அதில் அடக்கம். அதாவது, யாருக்கு ஆதரவு அதிகமாக வேண்டுமோ அவனைப் பார்த்து உனக்குச் சொத்தில்லை என்று சொல்லுவது தர்மம்! இந்தத் தடைகளில் பெரும்பாலானவற்றை நீக்கச் சட்டசபைக்கு 1928-ம் வருஷம் வரை ஆயிற்று. 1956-ம் வருஷத்திய இந்து வாரிசுச் சட்டத்தின் 28-வது பிரிவு வந்த பிறகுதான், வியாதி, குறை, ஊனம் என்று சொல்லி யாருடைய பங்கையும் மறுக்க முடியாது என்று ஏற்பட்டது.

தமிழில் இதற்கு மாறான ஒரு சங்கதி இருக்கின்றது. இவர்களைப் பேசும்போது "அது" என்றும் "இது" என்றும் சொல்லும் கெட்ட வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைத்தார். அதற்கென்று தனி ஈறு இல்லை என்றும், உயர்திணையில் உள்ள பால் ஈறுகளையே கொண்டு முடியும் என்றும் விதித்தார். இலக்கணக்காரருக்கு அவர்கள் மனிதர் என்பதில் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்ததெல்லாம் சாஸ்திரக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும்தான்! இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒரு கல்லை வைத்துப் படியேறிப் போய்க் கும்பிடுகின்றவர்கள், தம் வீட்டில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால் பூர்வ ஜன்ம பாவம் என்று மூடி மறைக்கின்றார்கள். கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை குழந்தைக்குக் கிடையாதா?

இனி, ஏட்டுக்கு உடலைப் பொருத்துகின்ற காரியத்துக்கு வருவோம். 1950-களில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்திய சாலையைச் சேர்ந்த ஜான் மணி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கொள்கையைப் பரப்பினார்கள். குழந்தையை எப்படி வளர்க்கின்றோமோ அப்படியே அது ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிவிடும், ஆகையால் சிறு வயதிலேயே உறுப்பை ஒரு பக்கமாக அறுத்துச் சரி செய்து விடலாம் என்பது அதன் சாராம்சம். உலகமெங்கும் டாக்டர்கள் இதைப் பின்பற்றினார்கள். அதன் பலன் என்ன? வளர்ந்தபின் உணர்ச்சியற்றுப் போன உறுப்பு, மறுபடி மறுபடி ஆப்பரேஷன், உள்ளுறுப்பை எடுத்து விட்டதனால் பிள்ளைப்பேறு இல்லாமை, ஆயுள் முழுவதும் ஹார்மோன் மருந்து. இவ்வளவும் அனுபவித்த பிறகு "நான் அதுவல்ல" என்று அந்த மனிதர் சொன்னால் அறுத்ததை யார் திருப்பி வைப்பது? தப்பான எழுத்தை ஒரு கோடு போட்டு அடிக்கலாம். தப்பாக அறுத்த சதையை என்ன செய்ய முடியும்?

வைத்தியமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அட்ரீனல் சுரப்பிக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு உடலில் உப்புச் சத்து வெளியேறிப் போய் உயிருக்கே ஆபத்து வரும். அதற்கு உடனே மருந்து கொடுத்தாக வேண்டும். மூத்திரம் போக வழியில்லாமல் பிறந்தால் உடனே வழி செய்தாக வேண்டும். இவையெல்லாம் உயிரைக் காக்கும் வைத்தியம். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் கத்தி எடுப்பது வைத்தியமல்ல. அது சொந்தக்காரர்களின் வாயை அடைப்பதற்காகக் குழந்தையை அறுப்பது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு என்பதைச் சொல்ல நாம் சந்தோஷப்படுகின்றோம். 2019-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையில் ஜஸ்டிஸ் ஜி. ஆர். சுவாமிநாதன் அவர்கள், ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்ததோடு, ஊடுபாலாகப் பிறக்கும் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பால்மாற்று ஆப்பரேஷன் செய்வதைத் தடுக்க வேண்டும் என்றும் சர்க்காருக்குக் கட்டளையிட்டார். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றப்படி அத்தகைய ஆப்பரேஷன் கூடாது என்று அரசாணை பிறப்பித்தது. இந்தியாவில் இதற்கு முன் வேறெந்த மாகாணமும் செய்யாத காரியம் இது.

சரி, கத்தியிலிருந்து தப்பிய குழந்தை வளர்ந்து ஆளானால் ஏட்டோடு படும் பாடு என்ன? அதற்கு நம் மாகாணத்து வழக்கு ஒன்றையே சொல்லுகின்றோம். ஒருவர் பெண்ணாகப் பிறந்தார் என்று பதியப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்து, பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டிலும் பெண் என்றே எழுதப்பட்டு, போலீசில் பெண் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். பிறகு அவரை வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர்கள் உடலைச் சோதித்து, குரோமோசோமையும் பார்த்து, இவர் பெண்ணல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே உத்தியோகம் போய்விட்டது. அவர் யாரையும் ஏமாற்றினாரா? சர்க்கார் கொடுத்த சர்டிபிகேட்டைத்தான் சர்க்காருக்குக் காட்டினார். தன் கையெழுத்தையே ஒரு சர்க்கார் நம்ப மறுத்ததற்கு அவர் தண்டனை அனுபவித்தார். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு ஜஸ்டிஸ் எஸ். நாகமுத்து அவர்கள் அந்த உத்தரவை ரத்துச் செய்தார். தம் பால் அடையாளத்தைத் தாமே தெரிந்து கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும், கட்டாயப் பரிசோதனை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றும் தீர்ப்பாயிற்று.

புதுக்கோட்டை ஜில்லாவின் ஏழைக் குடும்பத்திலிருந்து ஓடி ஓடி மேலே வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006-ம் வருஷம் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பால் சோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பறித்ததோடு நில்லாமல் அந்தச் சங்கதி பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் சந்தி சிரித்தது. அவரும் பெண்ணென்றே எழுதப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்தவர்தான். ஏட்டில் எழுதப்பட்டது தப்பு என்று ஒருவர் சொன்னால், ஏட்டைத் திருத்த முடியாது என்கின்றார்கள். ஏட்டில் எழுதப்பட்டது சரி என்று ஒருவர் சொன்னால், ஏட்டை நம்ப முடியாது என்கின்றார்கள். இரண்டிலும் தோற்பவர் ஊடுபாலினர் ஒருவர்தான்.

சட்டம் இதற்கு என்ன வழி செய்தது? 2014-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜஸ்டிஸ்கள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் சொன்ன தீர்ப்பு மிகவும் முக்கியமானது. திருநர் தம் பாலைத் தாமே தீர்மானித்துக் கொள்ளலாம் என்றும், அதற்கு ஆப்பரேஷன் செய்துகொண்டு வா என்று வற்புறுத்துவது ஒழுக்கக் கேடும் சட்ட விரோதமுமாகும் என்றும் அதில் சொல்லப்பட்டது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆனால் 2019-ம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயற்றப்பட்ட வடிவத்தில், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக் கொண்டது. அச்சட்டம் ஊடுபாலினரையும் "திருநர்" என்கின்ற ஒரே தலைப்பில் அடைத்தது. அதன்படி ஒருவர் ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுக் கொடுத்துத் திருநர் என்று சர்டிபிகேட் வாங்கலாம். அதை வைத்துப் பெயரையும் மாற்றிக் கொள்ளலாம். ஆனால் ஆண் என்றோ பெண் என்றோ எழுதப்பட வேண்டுமானால், ஆப்பரேஷன் செய்துகொண்டு, வைத்திய சாலைத் தலைமை டாக்டரிடம் அத்தாட்சி வாங்கி வந்து, மறுபடியும் மனுக் கொடுக்க வேண்டும் என்று 7-வது பிரிவில் எழுதினார்கள்.

இதன் விபரீதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். பருவ வயதில் ஆணுடல் பெற்ற ஒரு வாலிபனுக்குப் பிறப்பு ஏட்டில் பெண் என்று எழுதியிருக்கின்றது. தப்பு குமாஸ்தாவின் ஏட்டில். அவன் கேட்பதெல்லாம் தப்பைத் திருத்துங்கள் என்பதுதான். அவனைப் பார்த்து, "முதலில் நீ திருநர் என்று எழுதிக் கொடு, பிறகு ஒரு ஆப்பரேஷன் செய்துகொள், பிறகு உன்னை ஆண் என்று ஒப்புக்கொள்ளுகின்றோம்" என்றால், அவன் எதை அறுத்துக் கொள்ளுவான்? குழந்தைக்குக் கத்தி கூடாது என்று ஒரு பக்கம் தீர்ப்பு. வளர்ந்தவனுக்குக் கத்தி இல்லாமல் சர்டிபிகேட் இல்லை என்று இன்னொரு பக்கம் சட்டம்! இரண்டும் ஒரே நாட்டில், ஒரே வருஷத்தில்!

பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ், தப்பான பதிவைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதிலும் மூலப் பதிவை மாற்றாமல் ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும் என்பதே விதி. ஊர்ப் பெயரையோ தகப்பன் பெயரையோ திருத்துவதற்கு இது போதும். ஊடுபாலினருக்கோ அந்த ஓரக் குறிப்பே ஊரெல்லாம் தண்டோராப் போடுவதற்குச் சமானமாகி விடும். வேலைக்கு மனுப் போடும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், தன் உடம்பின் சரித்திரத்தையே காட்ட வேண்டும் என்று வேறு யாரையாவது கேட்கின்றோமா?

வேறு தேசங்களைப் பார்த்தால் இது நேற்று முளைத்த கேள்வியல்ல என்பது தெரியும். 1794-ம் வருஷத்திலேயே பிரஷ்யா தேசத்துப் பொதுச் சட்டத்தில், இரு பால் அமைப்போடு பிறந்த குழந்தையை எப்படி வளர்ப்பது என்று பெற்றோர் தீர்மானிக்கலாம் என்றும், 18 வயதான பிறகு எந்தப் பாலில் இருப்பது என்று அவரே தேர்ந்து கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். வேறொருவருடைய உரிமை அதில் சம்பந்தப்பட்டால் நிபுணரைக் கொண்டு சோதிக்கலாம் என்கின்ற குறை அதில் இருந்தது உண்மைதான். ஆனாலும் 18 வயது மனிதரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த சட்டம் அது. 1900-ல் அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு 2017-ம் வருஷம் அக்டோபரில் ஜெர்மன் அரசியல் சட்டக் கோர்ட்டு, ஆண் பெண் என்று இரண்டைத் தவிர வேறு நல்ல பதிவுக்கு வழியில்லாதது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொல்ல, 2018-ல் மூன்றாவது பதிவுக்கு டாக்டர் சர்டிபிகேட்டோடு வழி செய்தார்கள். 2024-ம் வருஷம் நவம்பர் முதல் டாக்டரும் வேண்டாம், பதிவு ஆபீசில் சொந்த வாக்குமூலமே போதும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. 1794-ல் கண்ட நியாயத்துக்குத் திரும்பி வர இருநூற்று முப்பது வருஷம் ஆயிற்று!

தென்னாப்பிரிக்காவின் 2003-ம் வருஷத்திய சட்டம் ஊடுபாலினரின் பெயரைச் சொல்லியே பதிவு மாற்ற உரிமை கொடுத்தது. ஆனால் டாக்டர் அறிக்கையோடு, கேட்கின்ற பாலில் இரண்டு வருஷம் இடைவிடாமல் வாழ்ந்திருக்கின்றார் என்று மனோதத்துவ நிபுணரோ சமூக ஊழியரோ எழுதித் தர வேண்டும் என்றும் சேர்த்தது. மனிதனாக இருப்பதற்கு இரண்டு வருஷம் உமேதுவாரி வேலை பார்க்க வேண்டுமாம்! கென்யாவில் ஒரு குழந்தைக்கு வைத்திய சாலைத் தாளில் பால் கட்டத்தில் ஒரு கேள்விக் குறியைப் போட்டு விட்டார்கள். பிறப்புச் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. தாயார் கோர்ட்டுக்குப் போய், 2014-ல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விவரம் சேகரித்து நெறிமுறை வகுக்கும்படி உத்தரவு வாங்கினார். 2019-ம் வருஷத்து ஜனக் கணக்கில் அத்தேசத்தில் ஊடுபாலினரைத் தனியே எண்ணி 1,524 பேர் என்று எழுதினார்கள். மால்டா என்கின்ற சின்னஞ்சிறு தீவுதான் 2015-ல் சரியான வழியைக் காட்டிற்று. வைத்திய அத்தாட்சி கேட்காமல் நோட்டரி முன்பு சொந்த வாக்குமூலத்தின் பேரில் பெயரையும் பாலையும் மாற்றிக் கொள்ளலாம் என்பதும், சம்மதம் சொல்லத் தெரியாத குழந்தையின் பால் உறுப்பில் அவசியமில்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்பதும் அங்கே ஒரே சட்டத்தில் இருக்கின்றன. ஏட்டைத் திருத்துவது சுலபமானால் உடலை வெட்டும் அவசரம் தானே குறையும் என்பதை அவர்கள் தெரிந்திருக்கின்றார்கள்.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சர்க்கார் கெஜட்டை வாங்கிப் பார்த்தால் பெயரை மாற்றிக் கொண்டவர்களின் விளம்பரம் வரிசையாக இருக்கும். அவர்களில் எண் ஜோசியன் பேச்சைக் கேட்டு ஒரு எழுத்தைக் கூட்டியவர்களும், ஒரு எழுத்தைக் குறைத்தவர்களும் உண்டு. கிரகத்தைத் திருப்திப்படுத்தப் பெயரை மாற்றுகின்ற அந்த ஆசாமியை எந்த டாக்டரும் சோதிப்பதில்லை. 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை ஒட்டிக் கொள்ளுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் பெயரின் வாலை அறுத்து எறிந்தார்கள். பிறர் சூட்டிய இழிவைச் சுமக்க மாட்டேன் என்பதுதான் அதன் கருத்து. பெண் பெயரைச் சுமந்து கொண்டு மீசையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்பதும் அதேதான். ஹாஜர் கூப்பிடும்போது ஒவ்வொரு நாளும் அவன் அவமானப்பட வேண்டுமா?

இனி ஆட்சேபணைகளைக் கவனிப்போம். "வாய்ச்சொல்லை நம்பினால் மோசடி நடக்காதா? பெண்களுக்குள்ள இடத்தை ஆண்கள் தட்டிக்கொண்டு போக மாட்டார்களா?" என்று சிலர் கேட்கின்றார்கள். பொய் வாக்குமூலத்துக்குத் தண்டனை முன்பே சட்டத்தில் இருக்கின்றது. அதற்கு மேல், இந்த நாட்டில் ஊடுபாலினர் என்று பெயர் வாங்கினால் என்ன லாபம் கிடைக்கின்றது என்று கேட்கின்றோம். வீட்டில் வசை, தெருவில் கேலி, பள்ளியில் அடி. இந்த லாபத்துக்காக யார் பொய் சொல்லப் போகின்றார்?

"சொத்துப் பாகம் என்ன ஆவது?" என்று வேறு சிலர் கேட்கின்றார்கள். பெண்ணுக்குப் பாகமில்லை என்று இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தமிருந்தது. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதிலும் 2005-லும் மகளுக்கு மகனோடு சமபாகம் என்று சட்டமாகி விட்ட பிறகு, ஆணென்று எழுதினால் என்ன, பெண்ணென்று எழுதினால் என்ன, பாகம் ஒன்றுதானே? பெண்ணுக்குச் சமத்துவம் வர வர, ஏட்டில் அந்தக் கட்டத்துக்கு உள்ள பயங்கரமும் குறைகின்றது என்பதைக் கவனியுங்கள்.

"பெற்றோருக்கு இதில் அதிகாரமில்லையா?" என்பது மூன்றாவது கேள்வி. குழந்தைக்குச் சட்டை தைத்துப் போடவும், பள்ளிக்கு அனுப்பவும், உயிரைக் காக்க வைத்தியம் செய்யவும் பெற்றோருக்கு அதிகாரமுண்டு. திரும்ப வளராததை அறுத்து எறிய அதிகாரமில்லை. அவர்கள் கல் நெஞ்சர்களல்ல. பயந்தவர்கள். பந்துக்கள் என்ன சொல்லுவார்கள், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன எழுதுவார்கள் என்கின்ற பயம். இன்றைக்கு எழுதியதை நாளைக்குக் குழந்தையின் விருப்பப்படி சுலபமாக மாற்றலாம் என்று சர்க்கார் உறுதி சொன்னால், அந்தப் பயத்தில் பாதி அன்றைக்கே போய்விடும்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. பெயருக்குத் தவணை இருப்பது போலவே, சந்தேகமான குழந்தையின் பால் கட்டத்துக்கும் தவணை கொடுத்து, "பின்னர் எழுதப்படும்" என்று பதிந்து, அதே நாளில் பிறப்புச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும்.

2. வயது வந்தவர் பதிவு ஆபீசில் கொடுக்கும் சொந்த வாக்குமூலத்தின் பேரில், ஆண், பெண், வேறு என்று அவர் சொல்லுகின்றபடியே திருத்த வேண்டும். ஆப்பரேஷனும் டாக்டர் சபையும் கேட்கக் கூடாது. வயது வராதவர் விஷயத்தில் பெற்றோர் மனுவோடு குழந்தையின் வாயையும் கேட்க வேண்டும்.

3. பெயரும் பாலும் ஒரே மனுவில் மாற வேண்டும். பிறப்புச் சர்டிபிகேட், பள்ளிக்கூடச் சர்டிபிகேட், ஜாதிச் சர்டிபிகேட், ஆதார், ஓட்டர் ஜாபிதா ஆகிய எல்லாவற்றிலும் அந்த ஒரே உத்தரவின் பேரில் மாற்ற வேண்டும். புதிய சர்டிபிகேட்டில் பழைய பதிவின் சுவடே தெரியக் கூடாது.

4. ஊடுபாலினர் என்பதற்குத் திருநர் சட்டத்தில் ஒரு மூலை கொடுத்தது போதாது. தனியாக விதி செய்ய வேண்டும்.

5. தமிழ்நாட்டு அரசாணையைப் போல், குழந்தைகள் மேல் அவசியமற்ற ஆப்பரேஷனை இந்தியா முழுவதுக்கும் பார்லிமெண்டுச் சட்டத்தாலேயே தடுத்து, மீறுகின்றவருக்குத் தண்டனையும் விதிக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றாவது சர்க்கார் பொக்கிஷத்துக்குப் பெருஞ்செலவு வைக்கும் காரியமா? ஒரு பேனாவும், ஒரு புதிய தாளும், கொஞ்சம் மனிதத் தன்மையும் போதும்.

கடைசியாக நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். சட்டம் வரும் வரை கை கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால், மந்திரவாதி வருவதற்கு முன்பும், சோதிடன் வருவதற்கு முன்பும் நீங்கள் போங்கள். இது பாவமுமல்ல, சாபமுமல்ல, இயற்கையின் பல வகைகளில் ஒன்று என்று அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து இருக்கின்றதா என்று மாத்திரம் நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கத்தியைப் பற்றிப் பேசினால் 2019-ம் வருஷத்து அரசாணை இருக்கின்றது என்று எடுத்துக் காட்டுங்கள். "அது" என்று பேசுகின்றவனைத் திருத்தி "அவர்" என்று பேசச் செய்யுங்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றிச் சட்டசபை அங்கத்தினருக்கும் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் அனுப்பி வைக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.